ஏழு நாடி

பேச்சித்தாய்க்கு ஏழு நாடி இருந்தது. திங்கட்கிழமை அவள் இதயம் நிதானமாக, அழுத்தமாக அடித்தது. செவ்வாய்க்கிழமை படபடத்தது. புதன்கிழமை அடிக்கடி தடுக்கி விழுந்து எழுந்தது. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் அதே நிதானமான இதயம். மனுஷிக்கு நல்ல நாள், கெட்ட நாள் உண்டு. கிழமைக்கு ஒரு இதயம் கிடையாது.

ஜீப்பின் பின் இருக்கையில், மடியில் கிடந்த திரையில் ஜெபக்கனி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடியைத் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. போன் அடித்தது. சென்னையிலிருந்து அவள் இயக்ககத்தின் இயக்குநர் வைத்தீஸ்வரன்.

“எங்கம்மா இருக்கே?”

“அளத்துக்குப் போயிட்டிருக்கேன் சார்.”

“அங்க எதுக்கு? நம்ம மிஷின் நிகர் கணக்கெல்லாம் முடிச்சுக் குடுத்தாச்சு. மதிப்பீட்டு அறிக்கையில நீ ஒரு கையெழுத்து போட்டா சாயங்காலம் அமைச்சர் அறிவிச்சிடுவார். செங்கல் சூளை, கட்டட வேலை, ரோடு வேலை, எல்லாருக்கும் காப்பு. கடற்கரை முழுக்க.”

“போட்டுடறேன் சார். ஒருத்தியப் பாத்துட்டுப் போடறேன்.”

“மூணு கோடையில ஒரு சாவு கூட இல்ல, ஜெபக்கனி. பூஜ்யம். என் சர்வீஸ்ல இப்படி ஒரு திட்டத்த நான் பாத்ததில்ல.”

“நானும் பாத்ததில்ல சார். அதான் போறேன்.”

“நல்ல சேதி வந்தா சந்தேகப்படறது உனக்கு ஒரு வியாதி” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

வியாதிதான். ஜெபக்கனியின் அப்பா துறைமுகத்தில் உப்பு மூட்டை சுமந்தவர். வேலைக்குப் போன ஆள் திரும்பி வராத வீடுகள் அவர்கள் தெருவிலேயே உண்டு. உடம்பைப் போட்டு வேலை செய்யும் இடத்தில் மூன்று வருஷமாக ஒருவரும் சாகவில்லை என்றால், ஒன்று அங்கே வேலை நடக்கவில்லை, அல்லது எண்ணுகிறவன் சரியாக எண்ணவில்லை. பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அவளுக்கு அது தெரியும்.

திட்டம் எளிமையானது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு காப்பு. அது நாடியையும் உடம்புச் சூட்டையும் பார்க்கும். சூடு வரம்பைத் தாண்டினால் மணி அடிக்கும். அடித்தால் அந்த ஆள் வேலையை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போக வேண்டும். மிச்ச நேரத்துக்கு அரசாங்கம் பாதிக் கூலி தரும். அதற்குப் பெயர் நிழல்படி.

வரம்பு எவ்வளவு என்று முடிவு செய்வது நிகர். அது இயக்ககத்தின் யந்திரம். அளத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் கணக்குக்குள் ஒரு நகல் ஆளை அது வைத்திருந்தது. காப்பு இல்லாத உலகத்தில் அந்த நகல் ஆட்கள் உப்பு வாரினார்கள், மயங்கினார்கள், செத்தார்கள். நிஜ ஆட்கள் சாகவில்லை. அந்த வித்தியாசம்தான் திட்டத்தின் பலன். திட்டத்தை நடத்துவதும் அதுதான், மார்க் போடுவதும் அதுதான். பரீட்சை எழுதியவனே பேப்பர் திருத்துகிற ஏற்பாடு என்று ஜெபக்கனி ஒரு கூட்டத்தில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். டீ வந்தது.

ஜீப் நின்றது.

பாத்திகளில் முப்பது பெண்கள் போல இருந்தார்கள். சிலர் பலகையால் உப்பை வாரி ஒதுக்கினார்கள். மற்றவர்கள் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி அம்பாரத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்தக் கொத்துப் பெண்களுக்கெல்லாம் பொறுப்பானவள் இசக்கியம்மாள். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, காலில் கிழிந்த சாக்ஸ்.

“என்ன மேடம், இந்த வெயில்ல வந்துருக்கிய? ஆபீசுல ஃபேன் ஓடலியா?”

“பேச்சித்தாயப் பாக்கணும்.”

இசக்கியம்மாள் கையிலிருந்த பலகையை இன்னொரு கைக்கு மாற்றினாள். “இன்னைக்கு வரல.”

“வந்திருக்காங்க. காப்பு இங்கதான் இருக்கு. நாடி ஓடுது.”

“அப்ப ஒண்ணுக்குப் போயிருப்பா.”

“எங்க? இங்க அதுக்கு ஒரு மறைப்பும் இல்லையே.”

பக்கத்தில் கூடை தூக்கிக்கொண்டிருந்த ஒருத்தி சிரித்துவிட்டாள். “மேடம் விவரமாத்தான் இருக்காவ.”

“ஏட்டி, ஒன் சோலியப் பாரு” என்றாள் இசக்கியம்மாள்.

ஜெபக்கனி திரையை அவள் பக்கம் திருப்பினாள். “திங்கட்கிழம பேச்சித்தாய்க்கு ஓடுற நாடி உங்க நாடி. அச்சு அசலா அதே. புதன்கிழம ஓடுறது தங்கபுஷ்பம்னு ஒருத்தரோடது. பேச்சித்தாய் எங்க?”

“எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். இந்தக் கோடெல்லாம் தெரியாது.”

“இது போலீஸ் விசாரணை இல்ல.”

“இப்பிடிச் சொல்லித்தான் போலீஸும் ஆரம்பிப்பான்.” இசக்கியம்மாள் வரப்பில் துப்பினாள். “ஒங்களுக்கு எந்த ஊரு?”

“இங்கதான். திரேஸ்புரம். அப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினாரு. அந்தோணிமுத்து.”

“நெட்ட அந்தோணியா? சுருட்டு குடிப்பாவ?”

“ஆமா.”

இசக்கியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பேச்சில் ‘மேடம்’ போய்விட்டது. “அப்ப ஒனக்கே தெரியும். சில விசயத்தக் கேக்கக் கூடாது பிள்ள. போயிரு.”

வெயில் ஏறியது. ஜெபக்கனிக்குக் கண்ணுக்குள் ஊசி குத்தியது. இந்நேரம் யாருக்காவது மணி அடித்திருக்க வேண்டும். ஒரு காப்பும் அடிக்கவில்லை. பெண்கள் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். கூடையோடு நடக்கும்போது கண் அம்பாரத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தது.

“திட்டம் வர்றதுக்கு முன்னால எத்தன மணிக்கு வேலைய முடிப்பீங்க?”

“விடியுமுன்னே வருவோம். வெயில் சுள்ளுனு ஏறுனா போயிருவோம். தல சுத்துனா உக்காருவோம். இப்ப காப்பு அடிச்சாத்தான் தல சுத்துதுன்னு அர்த்தம். அடிக்காம உக்காந்தா அன்னைக்கு நிழல்படி கெடையாது. மொதலாளியும் சொல்லிட்டாரு, மிசினே சொல்லல, ஒனக்கென்னட்டி வந்துதுன்னு.”

“தங்கபுஷ்பம் யாரு?”

இசக்கியம்மாள் அம்பாரத்துப் பக்கம் திரும்பினாள். அவள் கண் போன பக்கம் ஜெபக்கனியும் பார்த்தாள். அம்பாரத்துச் சரிவில் ஒல்லியான ஒருத்தி கூடையோடு ஏறிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் காப்பு. இன்றைக்குப் புதன்கிழமை. திரையில் பேச்சித்தாயின் இதயம் தடுக்கியது, எழுந்தது, தடுக்கியது.

சூடு நூற்று மூன்று.

“அவங்கள உக்காரச் சொல்லுங்க.”

“அடிக்கட்டும்.”

“அக்கா, நூத்தி மூணு. காய்ச்சல்ல இந்தச் சூடு இருந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவோம்.”

“ஏ தங்கம்! எறங்கு!” என்று இசக்கியம்மாள் கத்தினாள்.

“அடிக்கலியேக்கா” என்றாள் அவள். நாக்கு குழறியது. கூடையைக் கவிழ்த்தாள். பிறகு தானும் கவிழ்ந்தாள். உப்பு அவளோடு சேர்ந்து சரிந்தது.

எல்லோரும் ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவள் இசக்கியம்மாள். அவள் கை தங்கபுஷ்பத்தின் முகத்துக்குப் போகவில்லை. மூக்கில் மூச்சு வருகிறதா என்று பார்க்கவில்லை. நேராக மணிக்கட்டுக்குப் போனது. கொக்கியை நெம்பியது. பழகிய கை.

கொக்கி பாதி திறந்திருக்கும்போது அந்தக் கை நின்றது. ஜெபக்கனி பார்த்துக்கொண்டிருப்பதை இசக்கியம்மாள் பார்த்தாள். அப்புறம் தன் கையையே பார்த்தாள்.

“தூக்குங்கட்டி” என்றாள். வேறு யாரோ பேசியது போல இருந்தது.

கொட்டகையில் போட்டுச் சேலையைத் தளர்த்தி, குடத்துத் தண்ணீரைத் தலையிலிருந்து ஊற்றினார்கள். அக்குளிலும் கழுத்திலும் ஈரத்துணி. ஜீப் டிரைவர் ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். தங்கபுஷ்பம் கண்ணைத் திறந்து மூடினாள். ஏதோ முனகினாள். உயிர் இருந்தது. காப்பு இரண்டும் இன்னமும் ஊமை.

“பேச்சித்தாய் எப்பச் செத்தாங்க?”

கொட்டகையில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

“போன கோடைக்கு முந்துன கோட” என்றாள் இசக்கியம்மாள். “இதே மாதிரிதான் விழுந்தா. நாங்க தண்ணி எடுத்துட்டு வருமுன்னே போயிட்டா. காப்பு அடிக்கல. அடிக்காமச் செத்தா இயற்கை மரணமாம். சட்டத்துல அப்படித்தான் எழுதியிருக்காம். பத்துக் காசு தர மாட்டான். புருசன் படுத்த படுக்க. மவ நர்சு படிக்கா. நான் காப்பக் கழத்தி என் கையில மாட்டுனேன். ஒரு நிமிசந்தான் இருக்கும். மிசினு ஒண்ணும் சொல்லல. மறுநாளும் மாட்டுனேன். மணி அடிச்சுது, நிழல்படி வந்துது. அப்புறம் ஏழு பேருமா ஆளுக்கொரு நாளுன்னு முறை வச்சுக்கிட்டோம். ஒத்த ரூவா நாங்க எடுக்கல. அவ வீட்டுக்குத்தான் போவுது. இதுக்கு ஜெயிலுன்னா என்னக் கூட்டிட்டுப் போ.”

“வேற யாரும் உண்டா?”

“சுடலைவடிவு. அதுக்கு அடுத்த கோட. பேச்சிக்குச் செஞ்சத அவளுக்கும் செஞ்சோம்.”

ஜெபக்கனி திரையில் தேடினாள். கிடைத்தது. இரண்டு பேரும் விழுந்த நாட்களை நிகரின் வரம்போடு வைத்துப் பார்த்தாள். சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். சொல்லாமல் போனால் நாளைக்கு வியாழக்கிழமை. அன்றைக்கு முறைக்காரி யாரோ, அவளுக்கும் மணி அடிக்காது.

“அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. மணி எப்ப அடிக்கணும்னு மிஷினுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அது உங்களப் பாத்துத்தான் கத்துக்குது. மணி அடிச்சா அரசாங்கத்துக்குச் செலவு. அதனால எவ்வளவு சூடு வரைக்கும் உடம்பு தாங்கும்னு பாத்துக்கிட்டே இருக்கும். மொதல்ல வரம்பு நூத்தி ஒண்ணே முக்கால். பேச்சித்தாய் அதுக்குக் கொஞ்சம் கீழ விழுந்தாங்க. மிஷின் என்ன பாத்துது? நாடி நின்னுது, ஒரு நிமிஷத்துல திரும்ப ஓடுது. மறுநாள் வேலைக்கு வந்துட்டாங்க. தெடமா இருக்காங்க. அப்ப இந்தச் சூடு ஆளக் கொல்லாதுன்னு எழுதிக்கிச்சு.”

இசக்கியம்மாள் ஈரத்துணியைப் பிழிந்து தங்கபுஷ்பத்தின் கழுத்தில் மறுபடி வைத்தாள்.

“வரம்ப ஏத்திருச்சு. சுடலைவடிவு விழுந்தது அந்தப் புது வரம்புக்குக் கீழ. அவங்களும் மறுநாள் வேலைக்கு வந்துட்டாங்க. மறுபடியும் ஏத்திருச்சு. இப்ப நூத்தி மூணரை. தங்கபுஷ்பம் நூத்தி மூணுல விழுந்தாங்க.”

கொட்டகைத் தகரம் வெயிலில் டொக் டொக்கென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது.

“நீ சொல்லுறது,” என்றாள் இசக்கியம்மாள், “பேச்சிய நான் உசுரோட வச்சிருந்ததாலதான் வடிவு…”

ஜெபக்கனி ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ‘அந்தச் சட்டத்தை எழுதினவன் கொன்றான், படித்தும் கேள்வி கேட்காத எங்கள் ஆபீஸ் கொன்றது’ என்று சொல்லலாம். நிஜமும்கூட. ஆனால் கொக்கியைத் திறந்த கை இவளுடையது. இவளிடம் போய் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

“என்ன செய்யணும்?” என்றாள் இசக்கியம்மாள்.

“களத்துல வந்து பாத்தேன், இவங்க செத்துட்டாங்கன்னு நான் பதிவு செய்யலாம். பாத்த சாட்சி ஒருத்தர் பெருவிரல் வைக்கணும். வச்சா மிஷின் அவங்க ரெண்டு பேரையும் உயிரோட இருக்கறவங்க கணக்குலேருந்து எடுத்துரும். வரம்பு இறங்கும். ஆனா நிழல்படியும் நிக்கும். இத்தன நாள் வாங்கினதுக்குக் கேள்வி வரும். விரல் யாரோடதோ அவங்கமேலதான் வரும்.”

“அந்த மவளுக்கு ஃபீஸு யாரு கட்டுவா?” அழுதுகொண்டிருந்தவள் கேட்டாள். “இன்னும் ஒரு வருசம் இருக்கு. நீ கட்டுவியா?”

ஜெபக்கனி திரையில் சாட்சிப் பக்கத்தைத் திறந்து வைத்தாள்.

“ஏட்டி, தங்கம் வலது கையில கெடக்கறது அந்த ஃபீசுதான்” என்றாள் இசக்கியம்மாள். “இன்னும் ஒருத்தியக் குடுத்துட்டா ஃபீசு கட்டணும்?”

தங்கபுஷ்பத்தின் கையிலிருந்து பேச்சித்தாயின் காப்பைக் கழற்றினாள். இந்த முறை மெதுவாக. முந்தானையில் அதன் உப்பைத் துடைத்தாள். பிறகு பெருவிரலை நீட்டினாள். விரல் நுனி உப்பில் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. திரை ஏற்கவில்லை. மறுபடி வைத்தாள். ஏற்கவில்லை. தண்ணீரில் நனைத்து, சட்டையில் துடைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

ஏற்றுக்கொண்டது.

இரண்டு பெயர்கள். சாவின் காரணம் என்று திரை கேட்டது. வெப்பம் என்ற சொல் மங்கிக் கிடந்தது. தொட்டாலும் நகரவில்லை. மணி அடித்திருந்தால்தான் அது திறக்கும். இயற்கை என்ற சொல் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஜெபக்கனி கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி அதைத் தொட்டாள்.

சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு தங்கபுஷ்பத்தின் இடது கை கீச்சென்று கத்தியது. அடுத்து இசக்கியம்மாளின் கை. கொட்டகை முழுக்கக் கத்தியது. வெளியே பாத்தியில் இன்னும் நின்றிருந்தவர்களின் காப்புகள், வரப்புக்கு அந்தப் பக்கம் அடுத்த அளம், அதற்கு அடுத்தது. வெள்ளைக் காடு முழுக்கப் பூச்சி கத்துவது போலக் கேட்டது. தூரத்தில் கூடைகள் இறங்குவது தெரிந்தது. உருவங்கள் ஒவ்வொன்றாக நிழலைத் தேடி நடந்தன.

ஆம்புலன்ஸ் வந்து தங்கபுஷ்பத்தை ஏற்றிக்கொண்டு போனது. பிழைத்துவிடுவாள் என்று அதில் வந்த பையன் சொன்னான். அவன் வண்டி திரும்பும்போதே போன் அடித்தது.

“என்ன பண்ணி வச்சிருக்கே?” என்றார் வைத்தீஸ்வரன். “வரம்பு ரெண்டு டிகிரிக்கு மேல இறங்கியிருக்கு. மாவட்டம் முழுக்க மணி அடிக்குது. நிழல்படி எவ்வளவு எகிறும் தெரியுமா?”

“ரெண்டு பேர் செத்திருக்காங்க சார். மறைச்சிருக்காங்க. மறைச்சாத்தான் சோறுங்கற மாதிரி நாம சட்டம் எழுதியிருக்கோம்.”

“பாத்தேன். இயற்கை மரணம்னு நீயே பதிஞ்சிருக்கே.”

“அதத் தவிர வேற போட விடல.”

“அப்புறம் என்னம்மா? வெப்பச் சாவு இப்பவும் பூஜ்யம்தான். அறிக்கை அப்படியே நிக்குது.” அவர் குரலில் நிம்மதி. “வரம்ப அப்புறம் பாத்துக்கலாம். கையெழுத்து போடு.”

“முதல் பாராவுல ஒருத்தரும் சாகலன்னு இருக்கு சார்.”

“கணக்குப்படி சாகல.”

“யார் செத்தா சாவுன்னு நாமளே முடிவு பண்ணிட்டு, நாமளே எண்ணி, ஒருத்தரும் சாகலன்னா அதுக்குப் பேரு மதிப்பீடா?”

“நீ போடலேன்னா திட்டம் ஒரு கோடை தள்ளிப்போகும். சூளைக்காரங்களுக்குக் காப்பு கிடையாது. இப்ப வரம்பும் சரியாயிடுச்சு, காப்பு வேலை செய்யுதுன்னு நீயே காட்டிட்டே. நூறு பேர் செத்தா அது உன் கணக்குல.” வைத்துவிட்டார்.

கெட்டிக்காரர். நிஜத்தையே எடுத்து அடிக்கத் தெரிந்தவர். போடாவிட்டால் சூளையில் ஆள் விழும். இப்படியே போட்டால் சூளையிலும் ஒரு இசக்கியம்மாள் வருவாள், கொக்கியைத் திறக்கக் கற்றுக்கொள்வாள்.

ஜெபக்கனி கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, திரையில் அறிக்கையின் முதல் பாராவை அழித்தாள். புதிதாக எழுதினாள். காப்பை எல்லோருக்கும் கொடுக்கலாம், இயற்கை மரணம் என்ற விதியை எடுத்த பிறகு. வேலைத்தளத்தில் யார் விழுந்து செத்தாலும் அது வெப்பச் சாவு, இல்லை என்றால் இல்லை என்று முதலாளி நிரூபிக்கட்டும். அதற்கு மேலே ஒரு வரி: இந்தத் திட்டத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டு பேரின் பெயர் தெரியும். பேச்சித்தாய், சுடலைவடிவு.

கீழே கையெழுத்துப் போட்டாள். இதை அப்படியே ஏற்பார்களா, வேறு ஆளை அனுப்புவார்களா என்று தெரியவில்லை. அனுப்பும் பொத்தானின்மேல் விரலை வைத்தாள்.

எதிரே இசக்கியம்மாளின் போன் அடித்தது. எடுத்தாள். “ஆமா, இங்கயும்தான் அடிக்கி… ஒங்க அளத்துலயுமா? எத்தன பேரு?” என்றாள். பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் அழுதுகொண்டே பேசுவது ஜெபக்கனி வரை கேட்டது. இசக்கியம்மாள் போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

“பிள்ள, ரெண்டுன்னா எழுதியிருக்க?”

“ஆமாக்கா.”

“அழிச்சிரு.”